சின்னத் தொட்டியில் கடல் மீன் வாழுமா?

(வளர்கல்வி மையம் ஒன்றில் மகளிர் குழுவினரிடையே ஆற்றிய பேச்சு)



உங்கள் குழு வண்ணமீன் விற்கும் தொழில் தொடங்கப் போகிறது என்று சொன்னார்கள். மகிழ்ச்சி. அதில் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. "சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்று. அதில் உப்புத் தண்ணீர். இரண்டு கோமாளி மீன். பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைகள் ஆசையாக வாங்குவார்கள். செய்யலாமா?" இதுதான் கேள்வி.

கோமாளி மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு உடம்பு. அதில் வெள்ளைப் பட்டை. 2003-ஆம் ஆண்டு 'ஃபைண்டிங் நீமோ' என்ற கார்ட்டூன் படம் வந்தது. அதன் பிறகு பிள்ளைகள் இந்த மீனை 'நீமோ' என்றே கூப்பிடுகிறார்கள்.

செய்யலாம், செய்யக் கூடாது என்று ஒரே சொல்லில் நான் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரிந்தால்தான் நீங்களே முடிவு எடுக்க முடியும். போகப் போவது உங்கள் சேமிப்புப் பணம். எனவே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் எவ்வளவு தண்ணீர்?

முதலில் தொட்டியை அளக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளங்கள். மூன்றையும் பெருக்குங்கள். வந்த விடையை 1000-ஆல் வகுங்கள். அத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

ஒரு தொட்டியின் நீளம் 25 செ.மீ. அகலம் 20 செ.மீ. உயரம் 20 செ.மீ. பெருக்கினால் 10,000. ஆயிரத்தால் வகுத்தால் 10. அதாவது 10 லிட்டர். நீங்கள் வாங்க நினைப்பது இந்த மாதிரித் தொட்டிதான். ஒரு குடத்துத் தண்ணீர்கூட அதற்கு வேண்டாம்.

உப்பின் கணக்கு

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அப்படியானால் 10 லிட்டரில் 350 கிராம்.

ரசம் கொதித்து வற்றினால் என்ன ஆகும்? உப்புக் கரிக்கும். தண்ணீர் ஆவியாகப் போகிறது. உப்பு போகவில்லை. தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. அடுப்பு வேண்டாம். வெயில் காலமும் மின்விசிறிக் காற்றும் போதும்.

10 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி 8 லிட்டர். உப்பு அதே 350 கிராம். வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 44 கிராம். 35 எங்கே, 44 எங்கே!

100 லிட்டர் தொட்டியில்? பெரிய தொட்டியிலும் தண்ணீர் வற்றும். அதன் மேல்பரப்பு பெரியது. அதனால் அதே நாட்களில் 10 லிட்டர்கூட வற்றலாம். மீதி 90 லிட்டர். உப்பு 3,500 கிராம். லிட்டருக்கு 39 கிராம்தான் வருகிறது. வற்றியது அதிகம். ஆனால் மாற்றம் குறைவு. தண்ணீர் நிறைய இருப்பதுதான் காரணம்.

வற்றிய தண்ணீருக்குப் பதிலாக எதை ஊற்றுவது? பலர் உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். அது தவறு. போனது வெறும் தண்ணீர். எனவே குளோரின் இல்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். சின்னத் தொட்டியில் இதைத் தினமும் செய்ய வேண்டும். இரண்டு நாள் ஊருக்குப் போனால் யார் ஊற்றுவது?

குளத்து மீன் பொறுக்கும், கடல் மீன் பொறுக்காது

"கப்பி மீனைச் சின்னப் பாத்திரத்தில் வைத்தாலும் பிழைக்கிறதே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

குளமும் ஓடையும் மாறும் இடங்கள். மழையில் நிரம்பும். கோடையில் வற்றும். ஒரு நாள் கலங்கும், ஒரு நாள் தெளியும். அங்கே பிறந்த மீன் பல மாற்றங்களைத் தாங்கும்.

கடல் அப்படி இல்லை. எவ்வளவு மழை பெய்தாலும் ஆழ்ந்த கடலின் உப்பு பெரிதாக மாறாது. பவளப் பாறை ஓரத்தில் வாழும் மீனுக்கு இன்றைய தண்ணீரும் நேற்றைய தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுதான். மாற்றத்தைத் தாங்கும் பழக்கம் அதற்கு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். கடல் மீன் தண்ணீர் குடிக்கும். அதன் உடம்பைவிடக் கடல் நீரில் உப்பு அதிகம். அதனால் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் கடல் நீரைக் குடிக்கிறது. கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. உப்பு ஏறினால் இந்த வேலை அதிகமாகும். மீன் சோர்ந்துவிடும். சோர்ந்த மீனை நோய் எளிதாகப் பிடிக்கும்.

பாறைக் குழியில் மீன் இருக்கிறதே?

கடற்கரையில் இருப்பவர்கள் வேறு ஒன்று கேட்பார்கள். "பாறைக் குழியில் ஒரு வாளித் தண்ணீர்தான் இருக்கிறது. அதில் சின்ன மீன் ஓடுகிறதே?"

உண்மைதான். ஆனால் அந்தக் குழிக்குக் கடலே காவல். நம் கடற்கரைகளில் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வருகிறது. அழுக்கும் போகிறது. மேலும் அங்கே இருப்பது மாற்றத்துக்குப் பழகிய வகை மீன். நம் வீட்டுத் தொட்டிக்கு எந்தக் கடல் ஏறி வரும்? நாமேதான் கடலாக இருக்க வேண்டும்.

அழுக்கும் மூச்சும்

மீன் தின்கிறது. கழிக்கிறது. அதன் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. மிஞ்சிய தீனி அழுகினாலும் இந்த நஞ்சு வரும். கடல் நீரில் அமோனியாவின் கொடுமை இன்னும் அதிகம்.

இந்த நஞ்சை மாற்ற நல்ல நுண்ணுயிர்கள் உண்டு. அவை மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேற வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. இன்று தொட்டி, இன்றே மீன் என்று விற்றால், வாங்கியவர் வீட்டில் சில நாட்களில் மீன் மிதக்கும்.

பெரிய தொட்டியில் ஒரு சிட்டிகைத் தீனி மிஞ்சினால் தெரியாது. சின்னத் தொட்டியில் அதுவே நஞ்சாகும்.

மூச்சையும் பாருங்கள். தண்ணீரில் கரைந்த காற்றைத்தான் மீன் சுவாசிக்கிறது. நல்ல தண்ணீரைவிடக் கடல் நீரில் கரைந்த பிராணவாயு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் சூடானால் அது இன்னும் குறையும். சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும். மே மாதம், பகல் பன்னிரண்டு மணி, மின்தடை. காற்றுப் பம்பு நின்றுவிட்டது. அப்போது 10 லிட்டர் தண்ணீரில் இருக்கும் மீனின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

எந்தத் தொட்டிக்கு எந்த மீன்?

இப்போது முடிவுக்கு வருவோம். இது அனுபவத்தில் கண்ட கணக்கு.

20 லிட்டருக்குக் கீழே கடல் மீன் வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர் 40 லிட்டரிலும் தொடங்க வேண்டாம். நன்றாகப் பழகியவர் அதில் விரல் நீளம்கூட இல்லாத கோபி மீன் ஒன்றையோ, ஒரு சின்ன இறாலையோ காப்பாற்றிவிடுவார். அவர் தினமும் உப்பை அளக்கிறவராக இருக்க வேண்டும்.

கோமாளி மீன் ஒரு ஜோடிக்கு 80 முதல் 100 லிட்டர் வேண்டும். கடையில் அது சுண்டுவிரல் அளவு இருக்கும். வளர்ந்தால் 8 முதல் 10 செ.மீ. வரும். ஜோடிக்கு மேல் போடாதீர்கள். இந்த மீனின் குடும்பம் விநோதமானது. எல்லாம் முதலில் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். பெரிய பெண்ணும் அதன் ஆணும் மற்றதை விரட்டும். கடலில் விரட்டினால் ஓட இடம் உண்டு. தொட்டியில் ஓட இடம் ஏது?

அதே படத்தில் வரும் நீல மீனைப் பிள்ளைகள் கேட்பார்கள். அது ஓர் அடி நீளம்வரை வளரும். வீட்டுச் சின்னத் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். பட்டாம்பூச்சி மீனும் வேண்டாம். அதில் பல வகை பவள உயிரைத் தின்று வாழ்பவை. நாம் போடும் தீனியைத் தொடாமலே பட்டினியில் சாகும்.

உப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சமையல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகாது. கடல் நீரில் கால்சியம், மக்னீசியம் என்று பல தாதுக்கள் உண்டு. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். உப்பை அளக்கும் கருவியும் வேண்டும். அது 1.023 முதல் 1.025 வரை காட்ட வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம்

தொட்டி அழகாக இருக்க வேண்டும் என்று சிலர் பவளத் துண்டு கேட்பார்கள். சிலர் கடல் குதிரை கேட்பார்கள். எடுக்காதீர்கள், விற்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இவை 2001-இல் சேர்க்கப்பட்டன. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. செத்த பவளம்தானே என்று சொல்லித் தப்ப முடியாது.

கோமாளி மீனைக் கடலில் பிடிக்கத் தேவை இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல வகைக் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறது. அப்படிப் பிறந்த மீன் தொட்டிக்கும் பழகியது, தீனிக்கும் பழகியது. வாங்கும்போது "இது பிடித்த மீனா, வளர்த்த மீனா?" என்று கேளுங்கள்.

அப்படியானால் குழு என்ன செய்வது?

தொழிலை விட வேண்டாம். தொடங்கும் இடத்தை மாற்றுங்கள்.

நல்ல தண்ணீர் மீனில் தொடங்குங்கள். கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை குட்டி போடும். செலவு குறைவு. சிமெண்டுத் தொட்டியிலும் வளரும். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் வண்ணமீன் வளர்ப்புக்கும் உதவி உண்டு என்று அறிவித்தார்கள். இன்று என்ன உதவி கிடைக்கும் என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே!

கடல் நீர் பழக ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. மோலி மீனை மெல்ல மெல்ல உப்பு நீருக்குப் பழக்கலாம். 100 லிட்டர் தொட்டி ஒன்றில் அதை வைத்துப் பாருங்கள். ஆறு மாதம் உப்பை அளந்து நோட்டில் எழுதுங்கள். எண்கள் ஏறாமல் இறங்காமல் நின்றால், பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்குங்கள்.

வாங்க வருகிறவரிடமும் இதையே சொல்லுங்கள். "அம்மா, இந்தத் தொட்டிக்கு அந்த மீன் ஆகாது" என்று சொன்னால் அன்று ஒரு விற்பனை போகும். ஆனால் மீன் செத்து அழும் பிள்ளையின் தாய் மறுபடி உங்கள் கடைக்கு வரமாட்டார். உண்மை சொன்ன கடைக்கு அவர் இன்னும் நாலு பேரை அழைத்து வருவார்.

தொட்டி சின்னது என்றால் வேலையும் சின்னது என்று நினைக்கிறோம். கடல் மீனில் அது தலைகீழ். தொட்டி எவ்வளவு சின்னதோ, வேலை அவ்வளவு பெரிது. இதை மட்டும் மறக்காதீர்கள்.



பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு தொட்டியை அல்லது பெட்டியை அளந்து, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கணக்கிடுங்கள்.
2. 20 லிட்டர் கடல் நீரில் 4 லிட்டர் வற்றினால், லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு இருக்கும்?
3. வற்றிய தொட்டியில் ஏன் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது?
4. உங்கள் ஊரில் நாளுக்கு எத்தனை மணி நேரம் மின்தடை வருகிறது? அது மீன் வளர்ப்பை எப்படிப் பாதிக்கும்?