எல்லை அடைபட்டால் யார் வீட்டு அடுப்பு அணைகிறது?

(கம்பத்தில் விவசாயத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



1895இல் பெரியாறு அணை எழுந்தது. மலையைக் குடைந்து தண்ணீர் நம் பக்கம் வந்தது. அந்தத் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. ஆனால் நிலமற்ற நம் குடும்பங்களுக்கு அதில் ஆண்டு முழுவதும் வேலை உண்டா? நடவும் களையெடுப்பும் அறுப்பும்தான் நம் பங்கு. அறுவடை இயந்திரம் வந்தபின் அறுப்பும் கைவிட்டுப் போகிறது.

ஆகவேதான் நம் பெண்கள் விடியுமுன் உலை வைத்து இறக்கிவிட்டு, ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். அங்கே கூலி கூடுதல். பிள்ளைகளின் படிப்பும் மளிகைக் கடை பாக்கியும் அந்தக் கூலியில்தான் நடக்கின்றன. குடும்பத்தின் வருமானம் நெல்வயலைவிட்டு ஏலக்காட்டுக்கு மாறிவிட்டது.

இதை முன்னேற்றம் என்று சொல்லி நிறுத்திவிடலாமா? கூடாது, தோழர்களே! அந்த வருமானத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

2011 டிசம்பரில் அணைப் பிரச்னை மூண்டது, எல்லை அடைபட்டது, தோட்டவேலை நின்றது. 2020இல் கொரோனா ஊரடங்கில் எல்லை மறுபடியும் அடைபட்டது. காரணம் எதுவானாலும் அடுப்பு அணைந்தது நம் வீட்டில்தான். 2019இல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. அதற்கு ஈடாக நம் கூலி ஏறியதா? இல்லை! விலையேற்றத்தில் பங்கு இல்லாத நம்மிடம், விலை விழுந்தால் மட்டும் நஷ்டக்கணக்கு காட்டுகிறார்கள்.

2015இல் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், பெற்றார்கள். அவர்கள் தோட்டப் பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளர்கள். தினம் ஜீப்பில் போய்வரும் நமக்கு அந்தப் பெயர்கூட இல்லை. நம்மை வேலைக்கு அழைத்துப் போகிறவர் ஒருவர், வேலை வாங்குகிறவர் இன்னொருவர். கேள்வி எழுந்தால் இருவருமே பொறுப்பல்ல என்கிறார்கள்.

எனவே நம் கோரிக்கைகள் இவை: தோட்டப் பதிவேட்டில் நம் பெயர் ஏற வேண்டும். சேமநல நிதியும் போனஸும் வேண்டும். மலைப்பாதையில் பாதுகாப்பான பஸ் வேண்டும். எல்லை அடைபடும் நாட்களுக்கு இரு மாநில சர்க்கார்களும் நிவாரணம் தர வேண்டும்.

மலையாளத் தொழிலாளி நம் எதிரியல்ல. அதே மழையில், அதே அட்டைக்கடியில் அவரும் நிற்கிறார். மாநிலங்களின் தகராறைக் காட்டி நம்மைப் பிரிக்க எவரையும் விடோம். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சங்கமாய்த் திரள்வோம்!

உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!