சிறுவர் கையில் உடல்நலம்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



உடல்நலக் கல்வி என்றால் நாம் காண்பது யாது? வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். "கை கழுவுங்கள்" என்று உபதேசித்துச் செல்கிறார். சிறுவர்கள் கைகட்டிக் கேட்டுக் கலைகிறார்கள். அவர்களும் சிந்திக்க வல்லவர்கள் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

1979ஆம் ஆண்டு அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதனையொட்டி, டேவிட் மார்லி என்னும் மருத்துவரும் ஹியூ ஹாஸ் என்னும் கல்வியாளரும் இலண்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 'சிறுவரிடமிருந்து சிறுவருக்கு' என்ற திட்டத்தைத் தொடங்கினர். பெற்றோர் கூலிக்குச் சென்றபின் கைக்குழந்தையை இடுப்பில் சுமப்பவள் அக்காள்தானே? அவளுக்கே அறிவைக் கொடுப்போம் என்பது அத்திட்டத்தின் அடிப்படை.

மெக்சிகோ நாட்டு மலைச்சிற்றூராகிய அஹோயாவில் இம்முறையைக் கையாண்ட விதத்தை டேவிட் வெர்னரும் பில் பவரும் 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளனர். ஒரு சுரைக்குடுக்கையைக் குழந்தையாகப் பாவித்து, நீர் நிரப்பி, மேல்வாயை ஈரத்துணியால் மூடினர். அடியிலுள்ள அடைப்பைச் சிறுவர்கள் பிடுங்கியதும் நீர் வடிந்தது, துணி குழிந்தது. வயிற்றுப்போக்கில் குழந்தையின் உச்சிக்குழி ஏன் உள்வாங்குகிறது என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டனர். இழந்த நீரைத் திரும்ப ஊற்றவேண்டும் என்னும் முடிவுக்கும் தாமே வந்தனர். 'பேதியானால் தண்ணீர் கொடுக்கலாகாது' என்னும் பழைய எண்ணத்தை எத்தனை சொற்பொழிவுகள் இவ்வளவு எளிதில் அகற்றியிருக்கும்?

சுகாதார நிலையத்தில் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமே சிறந்தது. அது கிட்டாத வேளையில், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழந்தை துவண்டாலும், குடிக்க இயலாமற் போனாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

ஆயினும் அன்பர்களே, கரைசலோடு நம் பணி முடிந்துவிடவில்லை. எத்தெருவில் நோய் மிகுதி, அங்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சிறுவர்களே வீடுவீடாகக் கேட்டு எழுதட்டும். தெருவின் படத்தை வரையட்டும். "ஊருக்குள் வரும் குழாய் நம் தெருவுக்கு ஏன் வரவில்லை?" என்ற வினாவோடு அவர்கள் நம்மிடம் திரும்பி வரக்கூடும். அப்போது நாம் தலைகுனியலாகாது.

1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகியது அவ்வினாவின் பொருட்டன்றோ? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை, குழந்தைகள் நோயுற்ற பின்னரே வெளிப்பட்டது. தொட்டி நீரே கெடுக்கப்பட்டால், கை கழுவி என்ன பயன்?

ஆதலின், சிறுவரின் சுத்தக்குறைவே நோய்க்குக் காரணம் என்று பழிசுமத்தும் பேச்சை நாம் ஏற்கலாகாது. ஆராய்ந்து கூறுவது சிறுவர் பணி. நல்ல நீரையும் கழிப்பிடத்தையும் போராடிப் பெறுவது பெரியோர் கடமை. அச்சுமையைப் பிஞ்சுத் தோள்களில் ஏற்றிவிடக் கூடாது.

இளைஞர்களே! ஒவ்வொருவரும் பத்துச் சிறுவரைக் கூட்டுங்கள். ஒரு குறிப்பேடும் ஒரு சுரைக்குடுக்கையும் போதும். குறைவாகப் பேசுங்கள், அவர்கள் கூறுவதைச் செவிமடுங்கள். வெள்ளிவிழா கண்ட கழகம் பொன்விழா காணும்போது, இன்று இடுப்பிலிருக்கும் குழந்தைகள் இம்மேடையில் நலமுடன் நின்று பேசட்டும்.