மாமாவின் கையடக்கக் கணினியும் பாட்டியின் 555 புத்தகமும்

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நம் கையில் ஒரு கணினி’ என்ற தலைப்பில் பேச என்னை அழைத்தார்கள். நான் கணினி நிபுணர் அல்ல. பொதுமக்கள் தொடர்பியலில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு, ஒலிவாங்கியின் முன் நிற்கும் வேலைக்கு வந்தவள். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கையடக்கக் கணினி இருந்தது. கைத்தொலைபேசிக்குள் உலகமே அடங்கிவிட்ட இந்தக் காலத்துக் கதை அல்ல இது. 2003-ஆம் ஆண்டில், கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டின் பலகைச் சுவருக்குள் இருந்த கணினி. அது எங்களுக்குக் கொடுத்ததையும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதையும்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

என் தாய்மாமா பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதிலிருந்து மாலையில் செம்பனைக் குலைக் கணக்கு எழுதுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. எழுதுவதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. யார் வீட்டில் எப்போது குழந்தை பிறந்தது, கோயில் வரி யார் கட்டினார், யார் பாக்கி என்று எல்லாவற்றையும் குறித்து வைப்பார். அப்போது நான் இரண்டாம் படிவ மாணவி. ஒரு நாள் கோலாலம்பூர் போய் வந்தவர், சட்டைப் பையிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு கருவியை எடுத்தார். பழையதுதான், ஒருவர் பயன்படுத்திக் கொடுத்தது. எழுநூறு வெள்ளி. அத்தை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பாட்டி அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னாப்பா இது, சிலேட்டா?” என்று கேட்டார். பாட்டி கேட்டதில் தவறே இல்லை. அது சிலேட்டுதான். பக்கத்தில் செருகியிருந்த சிறு குச்சியால் திரையில் எழுதலாம், அழிக்கலாம். நாள்காட்டி, முகவரிப் புத்தகம், கணக்குப் பொறி எல்லாம் அதற்குள் இருந்தன. அதோடு சின்னதாக ஒரு கேமரா. பாட்டுக் கேட்கலாம், குரலையும் பதிவு செய்யலாம். தோட்டத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசலில் வரிசை பிடித்து நின்றார்கள்.

நேயர்களே, இந்தக் கருவிகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பார்ப்போம். 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘பாம் பைலட்’ என்று மக்கள் அழைத்த கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். கருவியைச் செய்வதற்கு முன், அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால், அந்தக் கட்டையை எடுத்து அதில் குறிப்பு எழுதுவதுபோல் பாவனை செய்வாராம். கைக்கும் பைக்கும் ஒத்து வருகிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. முதல் கருவியின் நினைவகம் 128 கிலோபைட். இன்று நாம் காலை வணக்கம் சொல்லி அனுப்பும் ஒரு பூப்படம்கூட அதற்குள் அடங்காது.

‘பாம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உள்ளங்கை என்றும் பொருள் உண்டு, பனை என்றும் பொருள் உண்டு. எங்கள் கோலசிலாங்கூர்க்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கையான பொருத்தம். ஏனென்றால் இந்த நாட்டில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டதே எங்கள் மாவட்டத்தில்தான். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசையும் வாங்கியவர் அவர். நம் பாட்டன்மார் குனிந்து நட்ட பனை வேறு, மாமா பையில் வைத்திருந்த பனை வேறு. இரண்டுமே கோலசிலாங்கூருக்கு வந்து சேர்ந்தன.

சோனி நிறுவனமும் அந்தக் காலத்தில் ஒரு வரிசைக் கருவிகளை வெளியிட்டது. அதன் பெயரைச் சொன்னால் நம் ஊர்ப் பாட்டுப் போலவே இருக்கும்: ‘கிளியே’. 2002-இல் வந்த ஒரு கிளியேயில் சுழலும் திரை, கேமரா, எம்பி3 பாட்டு எல்லாம் இருந்தன. ஆனால் 2004-இல் வெளிநாட்டுச் சந்தைகளிலிருந்து விலகப் போவதாக அறிவித்தார்கள். 2005-இல் ஜப்பானிலும் முடித்துக்கொண்டார்கள். பாம் நிறுவனத்தை 2010-இல் எச்பி வாங்கியது. மறு ஆண்டே அந்தக் கருவிகளின் தயாரிப்பை நிறுத்தியது. இடையில் 2007-இல் ஐபோன் வந்து எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொண்டது.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து, 1998-இல் ‘சிம்ப்யூட்டர்’ என்ற யோசனையைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தவரும் பயன்படுத்த வேண்டும், ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். 2004-இல் அது ‘அமிடா’ என்ற பெயரில் கடைக்கும் வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிக் கணினியில் தமிழைக் கொண்டுவந்தார். அவருடைய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பட்டு, கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. மாமாவின் கருவியிலோ தமிழ் கிடையாது. ‘முனியம்மா’ என்று எழுத ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். அவர் அதற்காக ரொம்ப வருத்தப்படுவார்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

2004-இல் எங்கள் தோட்டம் மேம்பாட்டுக்குப் போனது. லயங்களைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. அறுபத்து மூன்று குடும்பங்கள். மூன்று தலைமுறையாக ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பூஞ்சாக் ஆலாம், ரவாங், கிள்ளான் என்று திசைக்கு ஒருவராகப் பிரியும் நேரம். மாமா ஒரு வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், குடும்பத்தை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். அவர்கள் எங்கே போகிறார்கள், யார் வீட்டில் தங்கப் போகிறார்கள், தொலைபேசி எண் என்ன என்று எல்லாவற்றையும் கருவியில் எழுதினார். “அடுத்த வருஷம் திருவிழாவுக்கு எல்லாருக்கும் சொல்லணுமில்ல?” என்பார்.

பாட்டிக்கு அதில் நம்பிக்கை இல்லை. “தம்பி, உன் பெட்டிக்குள்ள இருக்கிறத நான் எப்படிப் பார்க்கிறது? இந்தப் புத்தகத்தில எழுதி வை” என்று ஒரு 555 புத்தகத்தை நீட்டுவார். உங்களில் பலருக்கு அது தெரியும். சீனர் கடையில் கடன் எழுதும் சின்னப் புத்தகம். மலாய்க்காரர்கள் ‘புக்கு தீகா லீமா’ என்பார்கள். எங்கள் வீட்டில் அது நூல் கட்டி ஆணியில் தொங்கும். பாட்டி விடாமல் நச்சரித்ததால், அவருக்கு வேண்டியவர்களின் எண்களை மட்டும் மாமா அதில் எழுதிக் கொடுத்தார். மொத்தம் பத்தொன்பது குடும்பங்கள்.

வீடு மாறிய நாளில் லோரியில் ஏற்றிய சாமான்களில் ஒரு பெட்டி தொலைந்தது. கருவிக்கு மின்னேற்றும் தாங்கி அதில் இருந்தது. பழைய வகை என்பதால் வேறு எங்கும் உடனே கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒன்றைத் தேடிப் பிடித்துச் செருகியபோது கருவி விழித்துக்கொண்டது. ஆனால் புதிதாகப் பிறந்த பிள்ளைபோல் விழித்தது. “தேதியைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டது. உள்ளே ஒரு பெயரும் இல்லை.

ஏன் அப்படி ஆனது? இன்றைய கைத்தொலைபேசியில் மின்கலம் தீர்ந்தால் திரை அணையும். மறுபடி மின்னேற்றினால் எல்லாம் அப்படியே இருக்கும். அன்றைய கையடக்கக் கருவிகள் பலவற்றில், எழுதியவை எல்லாம் மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே தங்கும் நினைவகத்தில் இருந்தன. மின்கலம் முற்றிலும் வற்றினால் எல்லாம் போய்விடும். 2004 இறுதியிலும் 2005-லும் வந்த புதிய கருவிகளில்தான் இந்தக் குறையைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். இதற்குப் பரிகாரமாக, மேசைக் கணினியோடு இணைத்து ஒரு நகல் எடுத்துவைக்கும் வசதி இருந்தது. மாமாவும் எடுத்து வைத்திருந்தார், தோட்டத்து அலுவலகக் கணினியில். அலுவலகம் மூடியதும் அந்தக் கணினியும் போய்விட்டது.

மிஞ்சியவை படங்கள் மட்டுமே. அவை தனியே செருகும் நினைவக அட்டையில் இருந்தன. அந்த அட்டைக்கு மின்சாரம் தேவையில்லை. அறுபத்து மூன்று வாசல்கள், அறுபத்து மூன்று குடும்பங்கள். படத்துக்கு எண் உண்டு, பெயர் இல்லை, முகவரி இல்லை. பாட்டி பேசியதைப் பதிவு செய்த குரல் கருவிக்குள் இருந்தது; அதுவும் போயிற்று. அடுத்த ஆண்டே பாட்டியும் போய்விட்டார். மாமா அந்தக் கருவியை அப்புறம் தொடவே இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் இரவு, பழைய தோட்டத்துப் பெண்மணி ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார். அவருடைய தம்பிக்குப் பன்னிரண்டு வயது நெருங்குகிறது, அடையாளக் கார்டு எடுக்க வேண்டும், பிறப்புப் பத்திரமே இல்லை. லயத்து வீட்டிலேயே பிறந்த பிள்ளை. பெற்றவர்கள் பதியாமல் விட்டுவிட்டார்கள். தாமதப் பதிவுக்கு, பிறப்பைப் பற்றித் தெரிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். “கிராணி ஐயா, பிரசவம் பார்த்த ஆயா எங்க போனாங்கன்னு உங்ககிட்டதானே எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆயாவின் முகவரி பாட்டியின் பத்தொன்பதில் இல்லை.

அன்றிரவே மாமா நினைவக அட்டையைத் தேடி எடுத்தார். மறுநாள் கடையில் கொடுத்து அறுபத்து மூன்று படங்களையும் அச்சடித்தார். 555 புத்தகத்தில் இருந்தவர்களிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு வீடாகப் போய்ப் படங்களைப் பரப்பி, “இவங்க யாரு, எங்க இருக்காங்க?” என்று கேட்டோம். ஒருவர் இருவரைக் காட்டினார், இருவர் நால்வரைக் காட்டினார்கள். ஊர்ப் பெயர்கூட அதற்குள் மாறியிருந்தது. 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ஐந்து மாதத்தில் ஐம்பத்து ஒரு குடும்பங்களைக் கண்டுபிடித்தோம். ஆயா முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். ஆனால் அந்தப் பையனின் வீட்டு வாசலில் எடுத்த படத்தில், ஓரமாக அடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். பிரசவத்தன்று வெந்நீர் வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் வந்து சொன்னார்கள். இரண்டு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு பத்திரம் கிடைத்தது. பன்னிரண்டு குடும்பங்கள் எங்கே என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நேயர்களே, கருவி கெட்டது, புத்தகம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. புத்தகம் மட்டும் இருந்திருந்தால், சாட்சிகளின் முகம் கிடைத்திருக்காது. கருவி மட்டும் இருந்திருந்தால், தேடலைத் தொடங்க ஒரு பெயர்கூட இருந்திருக்காது. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். ஓலை செல்லரிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்து வைத்தார்கள். அப்படிப் படியெடுத்துக் காத்த ஏடுகள் இருந்ததால்தான் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவர முடிந்தது. எழுத்தைக் காப்பாற்றியது ஓலையின் பலமா? இல்லை. திரும்பத் திரும்பப் படியெடுத்த கை.

இன்று நம் ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் ஆயிரக்கணக்கில் படங்கள். பழைய தோட்டத்து நண்பர்கள் என்று வாட்ஸ்அப் குழுக்கள் வைத்திருக்கிறோம். அங்கே ஒருவர் அரிய படம் ஒன்றைப் போடுவார். நாற்பது பேர் கும்பிடு போடுவோம். மறுநாள் அது மேலே போய்விடும். அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று யாராவது எழுதி வைத்தோமா?

ஆகவே மூன்று சின்ன வேலைகளைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, பழைய படம் ஒன்று கைக்கு வந்தால், அதில் இருப்பவர்களின் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை அதோடு சேர்த்து எழுதுங்கள். இப்போது எல்லாக் கைத்தொலைபேசியிலும் தமிழ் இருக்கிறது. மாமாவுக்குக் கிடைக்காத வசதி. இரண்டாவது, முக்கியமானவற்றை இரண்டு இடங்களில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது உங்கள் கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும். மூன்றாவது, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், உறவினர் எண்கள் ஆகியவற்றுக்குக் காகிதத்தில் ஒரு நகல் வையுங்கள்.

வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால், இன்றிரவே பத்து நிமிடம் அவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். நான் தினமும் எத்தனையோ பேரின் குரலைப் பதிவு செய்கிறேன். “என்னாப்பா இது, சிலேட்டா?” என்ற என் பாட்டியின் குரல் மட்டும் எங்கேயும் இல்லை.

மாமா இப்போது ஓய்வில் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த புதுக் கைத்தொலைபேசி வைத்திருக்கிறார். யார் எண் கொடுத்தாலும் முதலில் அதில் பதிவு செய்வார். பிறகு எழுந்து போய், ஆணியில் தொங்கும் 555 புத்தகத்திலும் எழுதுவார்.