ஒரு நோயாளியும் பல இலாகாக்களும்



ஒரு சிற்றூரின் பேருந்து நிலையத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். சடை விழுந்த தலையும் கிழிந்த சேலையுமாக ஓர் அம்மாள் பல நாட்களாக அங்கே தமக்குத்தாமே பேசிக்கொண்டு திரிகிறார். ஊரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது மருந்து. அது சுகாதார இலாகாவின் பொறுப்பு. அவரைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் போலீசார். தங்க இடமளிப்பது சமூக நல இலாகா. கையில் ஒரு குழந்தையும் இருந்துவிட்டால் அதற்கு வேறோர் அலுவலகம். நோய் ஒன்று; வாயில்கள் ஐந்தாறு. ஒவ்வொரு வாயிலிலும் இருப்பவர் தம் கடமையின் எல்லையைச் சரியாகவே சொல்லி, அடுத்த வாயிலைக் கைகாட்டி அனுப்பிவிடலாம். எவர்மீதும் குற்றம் சொல்ல முடியாது. அந்த அம்மாள் மட்டும் பேருந்து நிலையத்திலேயே இருப்பார்.

இந்த நிலையை மாற்றும் நோக்கத்தோடு இயற்றப்பட்டதுதான் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அது 2018இல் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாயினும் அதன் சுமையில் பெரும்பகுதி மாநில அரசாங்கங்களின் தோளில்தான் இருக்கிறது. காரணம் நம் அரசியலமைப்பிலேயே உள்ளது. மனநோய் பொதுப்பட்டியலில் வருகிறது. பொதுச் சுகாதாரமும் போலீசும் சிறைச்சாலையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே, சட்டத்தின் சொல் தில்லியில் பிறந்தாலும் செயல் மாவட்டத் தலைநகரங்களில்தான் நடந்தாக வேண்டும்.

இதற்கு முன்பு சட்டமே இல்லாமலில்லை. 1912இல் ஆங்கில ஆட்சி ஒரு சட்டம் செய்தது. நோயாளியை ஊராரிடமிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதே அதன் பெரிய கவலை. சென்னையில் 1794இல் தொடங்கப்பட்ட மனநோயாளர் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிற்று. அந்த இடத்தின் பெயரையே பையன்கள் ஒருவரையொருவர் கேலி செய்யும் சொல்லாக ஆக்கிக்கொண்டதை நான் பள்ளி முற்றங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு மருத்துவமனையின் பெயர் வசைச்சொல்லாகிவிட்ட ஊரில், தனக்கு மனம் சரியில்லை என்று யார்தான் வாய் திறந்து சொல்வார்கள்? 1987இல் அடுத்த சட்டம் வந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் நடத்தும் மனநோயாளர் விடுதிகள் உரிமம் பெற வேண்டும் என்று அது விதித்தது.

விதித்தும் என்ன ஆயிற்று? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் விடுதியொன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஆகையால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அந்தக் கொட்டகைகள் மறைவிடத்தில் இருந்தவை அல்ல. தர்காவுக்கு வருவோர் போவோர் யாவரும் கண்டவைதாம். பல கண்கள் படைத்த அரசாங்கத்துக்கு அவற்றைப் பார்க்க ஒரு கண்கூட மிஞ்சவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டு, மாநிலங்கள்தோறும் மனநல மருத்துவ வசதிகள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தது. ஏர்வாடியில் எஞ்சிய நோயாளிகளில் பலர் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். இன்றைய சட்டத்தின் 95ஆவது பிரிவு, எந்த முறையிலும் எந்த வடிவிலும் நோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இனி, இலாகாக்களைச் சேர்த்துக் கட்டும் பகுதிக்கு வருவோம். 32ஆவது பிரிவு, சுகாதாரம், சட்டம், உள்துறை, கல்வி, சமூக நீதி, வேலைவாய்ப்பு, பெண்கள் குழந்தைகள் நலம் முதலிய இலாகாக்களுக்கிடையே பயனுள்ள ஒருங்கிணைப்பை அரசாங்கம் உறுதி செய்ய வேண்டும் என்று கூறுகிறது. கேட்பதற்கு இனிமையான வாசகம். ஆனால் எத்தனை நாளுக்குள், எந்த அதிகாரி, என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பிரிவில் இல்லை. ஆகவே அதைக் காட்டிலும் 100ஆவது பிரிவையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

அது போலீஸ் நிலைய அதிகாரியைப் பெயர் சொல்லி அழைப்பதுபோல் அழைக்கிறது. தம் எல்லைக்குள், மனநோயால் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாமல் திரிபவரைக் கண்டால், அவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். எக்காரணத்தாலும் லாக்கப்பில் அடைக்கலாகாது. அவர் வீடற்றவராயின் காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேட வேண்டும். பழைய 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 24 மணி நேரக் கெடு இருந்தது. ஆனால் அன்று அந்தக் கெடுவுக்குள் அவரை நிறுத்த வேண்டிய இடம் மாஜிஸ்திரேட்டின் முன்னிலை. இன்று மருத்துவரின் முன்னிலை. கெடு மாறவில்லை, போய்ச் சேரும் வாயில் மாறியது. நோயாளியைக் குற்றவாளியின் பாதையிலிருந்து விலக்கியது இந்த ஒரு மாற்றமே.

இவ்வாறே, பிச்சைக்காரர் இல்லங்கள், அநாதை இல்லங்கள், பெண்கள் காப்பகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளருக்கும் கடமை உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறைச்சாலையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் இருக்க வேண்டும். நோயாளியின் உரிமைகளைக் காக்கும் மறுஆய்வு வாரியங்களின் அமைப்பு இன்னும் சுவையானது. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் தலைவர். கலெக்டரின் பிரதிநிதி ஒருவர். மனநல மருத்துவர் ஒருவர், வேறொரு மருத்துவர். நோயுற்றிருந்தவர்கள், அவர்களைப் பராமரிப்போர் அல்லது தொண்டு நிறுவனத்தார் ஆகியோரிலிருந்து இருவர். நோயை அனுபவித்தவருக்கு நீதிபதியின் பக்கத்திலேயே நாற்காலி! 1912இல் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் பல மாநிலங்களில் இந்த வாரியங்களை அமைப்பதற்கே ஆண்டுகள் பல கழிந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மதுவாலும் போதைப் பொருள்களாலும் விளையும் மனக்கோளாறுகளையும் இச்சட்டம் மனநோயின் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசாங்கத்தின் நிறுவனமே. ஒரு கை விற்க, மறு கை மருந்து கொடுக்கிறது. இந்த இரண்டு கைகளையும் எந்தப் பிரிவைக் கொண்டு ஒருங்கிணைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

உங்களுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். முன்பு அந்த முயற்சி தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவின்படி குற்றம். போலீசுக்கு அஞ்சிப் பெற்றோர் மருத்துவரிடமே உண்மையை மறைப்பார்கள். ஏதோ ஒத்துக்கொள்ளாத உணவு என்பார்கள். மருத்துவர் தவறான வழியில் நேரத்தைச் செலவிடுவார். காப்பாற்றக் கூடிய நேரம் அப்படியே போய்விடும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, அவ்வாறு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கருத வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசாங்கத்தின் கடமை என்றும் கூறிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆவது பிரிவு இல்லை. பொது ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகச் செய்யும் முயற்சியை மட்டுமே அது குற்றமாக வைத்துக்கொண்டது. ஆகவே, மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கும் தாய் தகப்பன்மார் இனி உண்மையைச் சொல்ல அஞ்ச வேண்டியதில்லை. இந்தச் செய்தி எல்லா வீடுகளுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. உங்கள் வீட்டிலாவது சொல்லி வையுங்கள்.

2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். அழைப்பவர்தாம் நோயுற்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து இருக்கையில் உட்காரும் நண்பன் சில நாட்களாகச் சாப்பிடாமல், பேசாமல் இருக்கிறான் என்றால், அவனுக்காக நீங்களே அழைத்துக் கேட்கலாம்.