மதம் கிடைத்தது, அவர் கிடைத்தாரா?

நடுவர் அவர்களே, எங்களை வறுத்தெடுத்துவிட்டு இப்போது நிம்மதியாகச் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, கோவில்பதாகைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘இயேசுவை அறியத் துணை நிற்பது சமய ஒழுங்கா, நெஞ்சின் நெருக்கமா?’ என்பது தலைப்பு. நெருக்கமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த ஊர்ப் பெயரே எங்களுக்குச் சாட்சி, ஐயா. பதாகை என்றால் கொடி. கொடி வெளியிலே பறக்கும். தெய்வம் உள்ளே இருக்கும். எதிரணி நண்பர்கள் கொடியை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்! (சிரிப்பு) ஊர்ப் பெயருக்கு ஆய்வாளர்கள் வேறு காரணம் சொல்லலாம். நான் சொல்வது மேடைக் காரணம்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு பட்டியல் வாசித்தார். தவக்காலத்தில் நாற்பது நாள் நோன்பு, தவறாத ஞாயிறு ஆராதனை, பத்தில் ஒரு பங்கு காணிக்கை. நல்லதும்மா, நான் குறை சொல்லவே இல்லை. ஆனா அதுக்கு நாம ரசீது கேட்கிறோமே, அங்கேதான் கோளாறு. ‘ஆண்டவரே, நாற்பது நாள் கறி தொடலே. பையனுக்கு இன்ஜினீயரிங் சீட்டு என்னாச்சு?’ தாலுகா ஆபீசில் மனு கொடுத்தவன் கேட்கிற மாதிரி! சீட்டு கிடைக்கலேன்னா உடனே, ‘இவ்வளவு செஞ்சும் அவர் என்னைப் பார்க்கலையே’ என்று அழுகை. அவர் பார்க்கலையா, நாம அவரைப் பார்க்கலையா?

லூக்கா நற்செய்தி, 24ஆம் அதிகாரம். சீடர்கள் இரண்டு பேர் எருசலேமிலிருந்து எம்மாவு என்ற ஊருக்கு நடக்கிறார்கள். ஏறக்குறைய இங்கேயிருந்து அம்பத்தூர் போகிற தூரம். உயிர்த்தெழுந்த இயேசு கூடவே நடந்து வருகிறார். அடையாளம் தெரியவில்லை! அவரிடமே அவரைப் பற்றிப் புலம்புகிறார்கள்: இஸ்ரவேலை மீட்பார் என்று நம்பியிருந்தோமே, போய்விட்டாரே என்று. அவர்கள் எதிர்பார்த்தது ஒரு ராஜாவை. பக்கத்தில் நடந்தவரோ வழிப்போக்கர். வழியெல்லாம் வேதத்தை விளக்கிச் சொன்னபோது நெஞ்சு கொதித்ததே தவிர, ஆள் யாரென்று தெரியவில்லை. எப்போது தெரிந்தது? ராத்திரி சாப்பாட்டில், அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது. அங்கே பீடம் இல்லை, பாடகர் குழு இல்லை. ஒரு வீடு, ஒரு சாப்பாட்டுப் பந்தி, அவ்வளவுதான்.

பழைய கதை என்பீர்கள். சரி, நம் நாட்டுக்கு வருகிறேன். பண்டிதை ரமாபாய். 1858இல் பிறந்தவர். தகப்பனார் பெரிய சமஸ்கிருத அறிஞர். குடும்பமே ஊர் ஊராகத் தல யாத்திரை போய், கோயில்களில் புராணம் வாசித்துப் பிழைத்தது. விரதம், தானம், தீர்த்தம் எதிலும் குறை வைக்கவில்லை. 1870களில் பஞ்சம் வந்தது. தகப்பனார், தாயார், அக்கா என்று வரிசையாகப் போனார்கள். அண்ணனும் தங்கையும் நடந்து நடந்து 1878இல் கல்கத்தா சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணின் படிப்பைப் பார்த்த அறிஞர்கள் ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்று பட்டம் கொடுத்தார்கள். அதன்பின் திருமணம். இரண்டே வருடத்தில் விதவை. கையில் ஒரு பெண் குழந்தை.

அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள், கிறிஸ்தவ நண்பர்களே! அந்த மதம் கைவிட்டது, நம் மதம் தூக்கிவிட்டது என்று முடிக்கிற கதை இல்லை இது. 1883இல் இங்கிலாந்தில், வாண்டேஜ் என்ற ஊரில், கன்னியர் மடத்தின் ஆதரவில் ஞானஸ்நானம் பெற்றார். அங்கேயும் என்ன காத்திருந்தது? எதிர்பார்ப்பு! லத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவையைக் கழுத்தில் போடச் சொன்னார்கள். எங்கள் ஜனங்களுக்கு விளங்காத மொழியை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று இவர் மறுத்தார். மரக்கறி உணவை விடவில்லை. எந்தச் சபைப் பிரிவு சரி என்று ஆளுக்கொன்று சொன்னபோது கேள்வி கேட்டார். ‘அடக்கம் இல்லை’ என்று வருத்தப்பட்டார்கள். பாவம், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு கிறிஸ்தவப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்று அளவெடுத்துச் சட்டை தைத்து வைத்திருந்தார்கள். இந்த அம்மாவுக்கு அது பொருந்தவில்லை.

ஊர் திரும்பி, 1889இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதன் தொடங்கினார். வெளியே பார்த்தால் என்ன குறை? கிறிஸ்தவர், படித்தவர், தொண்டு செய்கிறவர். ஆனால் உள்ளே ஓர் இடம் காலியாக இருந்தது. 1891 வாக்கில் ஒரு புத்தகம் கைக்குக் கிடைத்தது. எழுதியவர் வில்லியம் ஹஸ்லம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். என்ன விசேஷம் தெரியுமா? 1851இல் பிரசங்க மேடையில் நின்று தானே பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு உள்ளம் திறந்ததாம்! ஊருக்கு உபதேசம் செய்தவர் தன் பேச்சில் தானே மாட்டிக்கொண்டார். எங்களைப் போன்ற மேடைப் பேச்சாளர்களுக்கு அப்படி ஓர் ஆபத்து வருவதே இல்லை, நடுவர் அவர்களே. (கைதட்டல்)

அதைப் படித்தபோது ரமாபாய்க்குச் சுருக்கென்று தைத்தது. கிறிஸ்தவ மதத்தை நான் கண்டுபிடித்தேன், கிறிஸ்துவைக் காணவில்லையே என்ற பொருளில் 1907இல் தம் சாட்சியில் அவரே எழுதுகிறார். ஞானஸ்நானம் பெற்று எட்டு வருடம் கழித்து! இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்? வெளிநாட்டார் பணம் அனுப்புகிறார்கள், உள்ளூரில் பழிக்கிறார்கள், பெண்கள் இவரை நம்பி இருக்கிறார்கள். மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

என் மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஐயா, எல்லாம் ஒழுங்காச் செய்யறேன், ஒண்ணும் தோணலை. நான் வேஷம் போடறேனா?” இல்லைம்மா. ரமாபாய்க்கும் எட்டு வருடம் அப்படித்தான். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட நாளில்தான் அவருக்குக் கதவு திறந்தது.

எதிரணிக்கு ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். நெருக்கம் வந்தபின் அந்த அம்மா சும்மா உட்காரவில்லை. 1890களின் பஞ்சத்தில் நூற்றுக்கணக்கான பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துவந்து கேட்கான் முக்தி இல்லத்தில் வைத்துச் சோறு போட்டார். அது ஒழுங்கு இல்லாமல் நடக்குமா? நடக்காது. ஒழுங்கு அங்கே வேலைக்காரனாக இருந்தது. நீங்கள் அதை வீட்டுக்காரனாக்கிவிட்டீர்கள்.

கடைசிக் காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு வேதாகமத்தையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். 1922இல் மறைந்தார். சமஸ்கிருதத்தில் ‘சரஸ்வதி’ பட்டம் வாங்கியவர், ஏன் எளிய மராத்தி? அடுப்படியில் இருக்கிற பெண் தானே எடுத்துப் படிக்க வேண்டும். பண்டிதர் வந்து பொருள் சொல்லட்டும் என்று அவள் காத்திருக்கக் கூடாது.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. சோடா மிச்சம் இருந்தால் இந்தப் பக்கம் அனுப்புங்கள்.