குழந்தையின் சொல்லை முறைமன்றம் கேட்கட்டும்

(செஞ்சியில் நடைபெற்ற மொழிகாப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொழிகாப்புக் கூட்டத்தில் முறைமன்றத்தைப் பற்றி, அதிலும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தேவை உண்டு. அக்கொடுமைக்கு ஆளான குழந்தையின் கையில் பெரும்பாலும் வேறு சான்று இருப்பதில்லை. சொல் ஒன்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சட்டம் எப்படிக் கேட்கிறது, எப்படி எழுதுகிறது, எங்கே திரிக்கிறது என்பதே யான் இன்று பேச வந்த செய்தி.

இதோ, நம் கண்ணெதிரே இராசகிரி நிற்கிறது. 2025 சூலையில் இக்கோட்டை உலக மரபுப் பட்டியலில் ஏறியது. கோன்கள் எழுப்பத் தொடங்கிய கோட்டை மராட்டியப் படைநிலங்கள் என்னும் தலைப்பின்கீழ் ஏறியது பற்றி நமக்கு வழக்கு உண்டு. அதை வேறொரு நாள் பேசுவோம். கோட்டை என்றவுடன் நம் நெஞ்சில் வருபவன் தேசிங்கு. 1714-இல் அவன் போரில் மாண்டான்; அவனுடைய இளமனைவி தீப்பாய்ந்தாள் என்றும், அவள் நினைவாகவே இராணிப்பேட்டை எழுந்தது என்றும் கதை சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கண்ணீர் வடித்தோம். அவளுக்கு அப்போது அகவை என்ன, அவளை எவரேனும் ஒரு சொல் கேட்டார்களா என்று நாம் வினவியதே இல்லை.

சட்டமும் நெடுங்காலம் வினவவில்லை. ஆங்கிலேயர் 1860-இல் வகுத்த தண்டச் சட்டம், பத்து அகவை நிரம்பிய பெண்குழந்தையை மனைவி என்ற பெயரால் ஒருவன் தீண்டினால் குற்றமில்லை என்றது. 1891-இல் அந்தப் பத்து பன்னிரண்டாயிற்று. அதற்கே சமயம் அழிந்தது என்று திலகர் கூட்டத்தார் கூக்குரலிட்டனர். நம் மண்ணில், கோயிலின் பெயரால் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியருக்காக முத்துலக்குமி அம்மையார் 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று போராடினார். பொட்டுக்கட்டை முற்றாகத் தடுக்கும் சட்டம் வந்ததோ 1947-இல். பதினைந்து அகவை கடந்த மனைவியிடம் கணவன் செய்வது குற்றமாகாது என்றிருந்த விலக்கு, 2017-இல் உச்சமுறைமன்றத்தின் தீர்ப்பால்தான் பதினெட்டுக்கு உயர்ந்தது.

இன்று நம்மிடம் ஒரு சட்டம் இருக்கிறது. பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் சட்டம் என்பது அதன் பெயர். 'போக்சோ' என்றால் எல்லார்க்கும் விளங்கும். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. பதினெட்டு அகவைக்கு உட்பட்ட ஆண், பெண் இருபாலார்க்கும் அது காப்பு. காவலர் சீருடையில் குழந்தையின் முன் நிற்கக்கூடாது. குழந்தையை இரவில் காவல்நிலையத்தில் வைக்கக்கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவனைக் குழந்தை காணும்படி விடக்கூடாது. ஓராண்டுக்குள், கூடுமானவரை, வழக்கு முடிய வேண்டும். எழுத்தளவில் இதைவிட நல்ல சட்டம் கேட்பதற்கில்லை. ஆனால் எழுத்துக்கும் குழந்தைக்கும் இடையே பெரியவர்கள் இருக்கிறார்களே!

நமக்கு அண்டையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1993 வரை செஞ்சியும் கடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். அந்தக் கடலூர்ப் பக்கத்தில் 2008-இல் பெற்றோரை இழந்த ஒரு சிறுமி கொடுமைக்கு ஆளாகி, ஒரு குழந்தைக்கும் தாயானாள். கடலூர் மகளிர் மன்றம் குற்றவாளிக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. அவன் மேல்முறையீடு செய்தான். 2015 சூன் திங்களில் சென்னை உயர்முறைமன்ற நடுவர் ஒருவர், அவள் பாதுகாப்பற்றவள் என்று இரங்கி, இருவரும் பேசி இணக்கம் காணட்டும் என்று வழக்கை இணக்க மையத்திற்கு அனுப்பி, அதற்காகவே அவனுக்குப் பிணையும் தந்தார். அவளை யாரும் முன்னர்க் கேட்கவில்லை. கேட்டபோது, அவனோடு எனக்கு என்ன பேச்சு என்று மறுத்துவிட்டாள். சூலை முதல் நாளில், ஏழு அகவைச் சிறுமி தொடர்பான மத்தியப்பிரதேச வழக்கொன்றில், இத்தகு குற்றங்களில் இணக்கம் என்ற எண்ணத்திற்கே இடமில்லை என்று உச்சமுறைமன்றம் கடிந்துரைத்தது. அதன்பின்னரே சென்னை ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அந்த நடுவரின் உள்ளம் கெட்ட உள்ளம் என்று யான் சொல்ல மாட்டேன். அது நம் ஊர்க்கூட்டத்தின் உள்ளம். ஆலமரத்தடியில் இதுதானே நடக்கிறது? "பெண்பிள்ளை வாழ்க்கை, வெளியே தெரிந்தால் யார் கட்டுவான்? ஏதோ பணத்தை வாங்கிக்கொண்டு விடுங்கள். இல்லையேல் அவனுக்கே கட்டிவையுங்கள்." கேட்டிருக்கிறீர்களா, இல்லையா? இது ஊர்ப்பெரியவர்களின் பெருந்தன்மை அன்று, குற்றம். இச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்கோ குழந்தைகள் காவற்பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைத்தால் ஆறு திங்கள்வரை சிறை. ஒரு நிறுவனத்தின் தலைவர் தம் கீழுள்ளவர் குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை சிறை. ஆனால் குற்றவாளியைத் தேடுமளவு, மறைத்த நாட்டாண்மையைத் தேடுகிறார்களா? குற்றவாளி வெளியூரான் அல்லன்; குற்றப்பதிவுத் துறையின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து சொல்வது, அவன் பெரும்பாலும் குழந்தை அறிந்தவன் என்பதே. மாமனாக, அண்டை வீட்டானாக, ஆசிரியனாக இருக்கிறான். மறைப்பவர்களும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

2019-இல் இச்சட்டத்தில் தூக்குத் தண்டமும் சேர்க்கப்பட்டது. கைதட்டினார்கள். யான் தட்டவில்லை. தந்தையின் தம்பியைத் தூக்கில் ஏற்றும் சொல் என் வாயினின்று வரவேண்டும் என்றால், எந்தக் குழந்தை வாய் திறக்கும்? எந்தப் பாட்டி அதைத் திறக்க விடுவாள்? கயிற்றின் நீளத்தைக் கூட்டுவது எளிது. குழந்தையின் சொல்லைக் கேட்கக் காது வைப்பதுதான் கடினம்.

சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். 2021 சனவரியில் மும்பை உயர்முறைமன்றத்தின் நாகபுரிக் கிளை, ஆடைக்கு மேலாகப் பன்னிரண்டு அகவைச் சிறுமியின் மார்பை அழுத்தியது இச்சட்டப்படி பாலியல் தாக்குதல் ஆகாது, தோலோடு தோல் பட்டிருக்க வேண்டும் என்றது. தொடுதல் என்றால் என்ன என்று நம் இரண்டகவைக் குழந்தையைக் கேளுங்கள், சொல்லும். அதற்கு உச்சமுறைமன்றம் விளக்கம் தரப் பத்துத் திங்கள் ஆயிற்று! அவ்வாண்டு நவம்பரில், தோலை அன்று, நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அது தீர்ப்பைத் தள்ளியது.

சென்னையிலும் நடந்தது. குழந்தைகள் சீரழிக்கப்படும் படக்காட்சிகளைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த ஒருவர் மேலிருந்த வழக்கை, தனிமையில் பார்த்தது குற்றமாகாது என்று 2024 சனவரியில் உயர்முறைமன்றம் தள்ளுபடி செய்தது. செபுதம்பர் 23-இல் உச்சமுறைமன்றம் அதை மாற்றி, அத்தகைய படத்தை அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதையும் இச்சட்டம் ஒறுக்கும் என்றது. அத்தோடு நிற்கவில்லை. இத்தகைய படங்களை இன்பக்காட்சி போலக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே முறைமன்றங்கள் இனி ஆளக்கூடாது, குழந்தையைச் சுரண்டியும் கொடுமைப்படுத்தியும் எடுத்தது என்று பொருள்படவே சொல்ல வேண்டும் என்றது. சொல் திருந்தினால்தான் முறை திருந்தும் என்று நாம் சொன்னால் மொழிவெறி என்பார்கள், உச்சமுறைமன்றம் சொல்லிவிட்டது!

நம்மிடமும் ஒரு கொடுஞ்சொல் இருக்கிறதே, 'கற்பழிப்பு'. குற்றம் செய்தவன் ஒருவன். அழிந்தது இவளுடையது என்று சொல் சொல்கிறது. எட்டகவைக் குழந்தைக்கு இச்சொல்லைச் சூட்டினால், அவள் எதையோ இழந்துவிட்டவளாக ஊர் முன் நிற்கிறாள். தூய தமிழாயினும் தீய சொல். வன்கொடுமை என்று எழுதுவோம்; நம் இதழ்களிலும் இனி அவ்வாறே வரவேண்டும்.

இனி மன்றத்துக்குள் வருவோம். குழந்தை, "அந்த மாமா இங்க கைய வெச்சாரு" என்கிறது. தாளில், "மேற்படி எதிரி என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று ஏறுகிறது. குழந்தை பேசியவாறே எழுத வேண்டும் என்பது சட்டத்தின் 26-ஆம் பிரிவு. எழுதுபவர் தம் வழக்கப்படி எழுதுகிறார். பின்னொரு நாள் எதிர்த்தரப்பு வழக்குரைஞர், அன்று ஒன்று சொன்னாய், இன்று வேறொன்று சொல்கிறாயே என்று மடக்குகிறார். அந்தத் தாளின் சொல் குழந்தையின் சொல்லே அன்று! மேல்முறையீட்டில் அத்தாளும் ஆங்கிலமாகிறது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்முறைமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. 2006-இல் நம் சட்டமன்றம் தமிழுக்குக் கேட்டது; 2012-இல் உச்சமுறைமன்றம் ஒப்பவில்லை. கையை எங்கே வைத்தான் என்று ஒரு சிறுமி சொன்னதை, அவள் அறியாத மொழியில் படித்து, அவள் பொய் சொன்னாளா மெய் சொன்னாளா என்று முடிவு செய்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பவை சில. அப்பிரிவிலேயே, கூடுமான இடங்களில் குழந்தையின் உரையை ஒலி, ஒளிப்பதிவும் செய்யலாம் என்று இருக்கிறது. 'கூடுமான இடங்களில்' என்பதை நீக்கிக் கட்டாயம் ஆக்குக. அப்பதிவு மேல்மன்றம்வரை செல்லட்டும். அங்கும் அவள் குரலே பேசட்டும். குழந்தையிடம் வழக்குரைஞர் நேரே கேட்கக்கூடாது, நடுவர் வாயிலாகவே கேட்க வேண்டும் என்பது 33-ஆம் பிரிவு. அந்த நடுவர் இம்மாவட்டத்துப் பேச்சுத்தமிழ் அறிந்தவராக இருக்கட்டும். இம்மாவட்டத்துத் தனிமன்றம் விழுப்புரத்தில் இருக்கிறது. செஞ்சியினின்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கூலி வேலையை விட்டுவிட்டு, குழந்தையை அழைத்துக்கொண்டு பேருந்தேறிச் சென்று, வழக்கு தள்ளிவைக்கப்பட்டது என்று கேட்டுத் திரும்பும் தாயை எண்ணிப் பாருங்கள். குழந்தையின் சான்றுரையை மட்டுமேனும், நடுவர் செஞ்சிக்கு வந்து, செஞ்சி மன்றக் கட்டடத்தின் ஓர் அறையில் கேட்கலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஓர் ஆணை போதும்.

இக்கோரிக்கைகளைத் தமிழில் எழுதிய விண்ணப்பம் மேடையின் இடப்புறம் வைக்கப்பட்டுள்ளது, ஒப்பமிடுங்கள். ஆசிரியர்கள் நால்வர் வந்திருக்கிறீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அதைத் தலைமையாசிரியர் அறையில் மாட்ட வேண்டா. குழந்தைகள் தண்ணீர் குடிக்கும் குழாயருகே, அவர்கள் உயரத்தில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.