நிற்கிற இடம் கடல்

வாசகசாலைத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, திண்ணையில் இடம்பிடித்திருக்கும் மதினிமார்களே, கடைசி வரிசையில் இன்னும் எனக்குப் பயந்து தலையைக் குனிந்திருக்கும் பழைய மாணவர்களே, வணக்கம்.

சால்வையைப் போட்டுவிட்டீர்கள். இனிப் பேசித்தான் ஆகவேண்டும். 1997 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஏரலில் வாடகைக்கு வீடு அமையாமல், "ஒரு மூணு மாசம்" என்று சொல்லி டிரங்குப் பெட்டியோடு கொற்கைக்கு வந்தேன். அந்த மூன்று மாதம் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முடிகிறது. நான் கணக்கு வாத்தியார் என்பதை நினைவில் வையுங்கள்.

வந்த புதிதில், ஒரு மத்தியானம், வன்னி மரத்தடியில் அம்பாசிடர் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் கையில் தடிப் புத்தகம். "கொற்கைத் துறைமுகம் எங்கே?" என்று கேட்டார். எனக்கே ஊர் புதிது. தண்ணீர் தெரிந்த திசையில் கையைக் காட்டினேன். போனவர் குளத்தைப் பார்த்துவிட்டு, குழம்பிப்போய்த் திரும்பி வந்தார். எதிர்வீட்டு ஆச்சி சுளவில் உளுந்து புடைத்தபடி, தலைநிமிராமல் சொன்னாள்: "அது குளம்லா! நீங்க ரெண்டு பேரும் நிக்கிய எடந்தான் சார் கடலு."

அன்று ஆரம்பித்த சம்பளமில்லாத வேலை இது. வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவாவது படிக்க வேண்டியதாயிற்று. 1870-களில் கால்டுவெல் இங்கே குழி வெட்டிப் பார்த்திருக்கிறார். 1968-69-ல் தொல்லியல் துறையினர் தோண்டி எடுத்த கரித்துண்டுக்கு வயது பார்த்ததில் கி.மு. 785 என்று வந்தது. தொண்ணூற்றைந்து வருஷம் முன்னே பின்னே இருக்கலாம் என்றும் கூடவே எழுதி வைத்தார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்தது. 2021-ல் மறுபடி வந்து தோண்டினார்கள். நம் வன்னி மரத்துக்கு மட்டும் இரண்டாயிரம் வயது என்று நீங்கள் முன்னே பின்னே இல்லாமல் அடித்துச் சொல்வீர்கள். அதில் நான் தலையிடுவதில்லை.

இந்த ஊரை விட்டுப் போனவர்கள் கொஞ்சநஞ்சமா? சிலப்பதிகாரக் கதைப்படி, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், மதுரையில் நெடுஞ்செழியன் உயிர்விட்ட பிறகு அரியணைக்குப் போய்விட்டான். தண்டனைக் கைதிகளை இங்கே முத்துக் குளிக்க இறக்கினார்கள் என்று பழைய கிரேக்கப் பயண நூல் பெரிப்ளூஸ் சொல்கிறது. அந்தக் கைதிகளில் ஒருவன் பேர்கூட மிஞ்சவில்லை. அப்புறம் கடலே போனது. தானாகப் போகவில்லை, நம் தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டி ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. கப்பல்காரர்கள் காயலுக்குப் போனார்கள். மார்க்கோ போலோ எழுதியது அந்தக் காயலைப் பற்றித்தான். அங்கும் மண் மேடிட்டது. புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. பொன்னும் காசும் அடித்த அக்கசாலை போய், அக்கசாலை ஈசுவரமுடையார் மட்டும் பாக்கி. 1986-ல் திருநெல்வேலி மாவட்டமும் நம்மைக் கழற்றிவிட்டது. ஆனால் கடல் போனதைக் குறை சொன்ன ஒருவரையும் நான் இங்கே பார்த்ததில்லை. வாய்க்கால் தண்ணீர் ஒரு நாள் தள்ளி வந்தால்தான் வெட்டுக்குத்து.

தண்ணீர் ஒரு தடவை திரும்பி வந்தது. 2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போனது. நானும் என் வீட்டுக்காரியும் அடுத்த வீட்டு மச்சில் இரண்டு இரவு கிடந்தோம். உங்களில் ஒருவர், பேரைச் சொன்னால் அடிக்க வருவார், இடுப்பளவு தண்ணீரில் வாழைத்தார் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். தன் தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது அவருக்கு அப்போதே தெரியும். எங்களிடம் மூச்சுவிடவில்லை. "கனிஞ்சிட்டு, சாப்பிடுங்க" என்றார். அதற்கு இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை. இந்தக் கரகர மைக்கில் சொல்வதாகவும் இல்லை.

வீட்டுக்காரிக்கு முட்டுவலி. மகள் பாளையங்கோட்டையில் இருக்கிறாள். ஆகவே மேலாற்றுக்குப் போகிறேன். நான் குளிக்கிற தண்ணீர் உங்களுக்குத்தான் வந்து சேரும், சோப்பைக் குறைத்துக்கொள்கிறேன்.

புத்தகங்கள் வாசகசாலைக்கு. சைக்கிளை யார் கேட்டாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், பிரேக் கிடையாது. கை காட்டுகிற வேலைதான் பாக்கி. கடைசி வரிசை, எழுந்திருங்கள்! நாளைக்கும் கார் வந்து நிற்கும். துறைமுகம் எங்கே என்பார்கள். என்னைப்போல அவசரப்பட்டுக் குளத்தைக் காட்டிவிடாதீர்கள். வெயிலில் வந்திருப்பார்கள். முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். குடித்து முடிக்கட்டும். அப்புறம் அவர்கள் காலடியைக் காட்டுங்கள்.

வாரேன்.